ஹஸ்பண்ட் என்றால் கயிறு அல்ல, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்பு பழக்கத்தில் வந்துவிட்டது. உள்ளே இருப்பது கோபம்தான்.

சித்தூரில் உங்களிடம் ஆங்கிலம் படித்த எல்லோருக்கும் அந்தப் பாடம் தெரியும். 'ஹஸ்பண்ட்' என்ற சொல்லை ஹவுஸ், பேண்ட் என்று பிரிப்பீர்கள். வீட்டைச் சேர்த்துக் கட்டுகிற கயிறு! வகுப்பில் சொன்னது போதாதென்று நல்லேப்பிள்ளி வீட்டிலும் அதே பாடம். அம்மா எதையாவது கேட்டால், "கயிறு நானு. நீ சும்மா இரு" என்று வாயை அடைத்தீர்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் விடவில்லை. சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, அண்ணன் கையைப் பிடித்து, "இனி இந்த ஊட்டுக்கு நீதாண்டா ஹஸ்பண்ட்" என்றீர்கள். பக்கத்தில்தான் அம்மா நின்றிருந்தாள். திரும்பியாவது பார்த்தீர்களா?

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டையும் வயலையும் விற்கப் பார்க்கிறான். அம்மாவைக் கோயமுத்தூர் ஃபிளாட்டுக்குக் கூட்டிப்போவானாம். போன ஞாயிற்றுக்கிழமை புரோக்கரோடு வந்து நின்றான். அம்மா சேற்றுக் காலோடு வயலிலிருந்து வந்தாள்.

"நாத்து உட்டிருக்கறேன் கண்ணு. என்ற ஊட்ட உட்டுப்போட்டு நான் எங்கயும் வரமாட்டேன்."

"வயல இனி யாரும்மா பாக்கறது?"

"இத்தன நாளா உங்கொப்பனா பாத்தாரு?"

அவர்கள் போன பிறகு உங்கள் பெரிய அகராதியை எடுத்தேன். கயிறும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது 'ஹூஸ்போண்டா'. வடக்கேயிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த சொல்லாம். ஹூஸ் என்றால் வீடு. போண்டா, டீக்கடையில் விற்பதல்ல, குடியிருப்பவர். சொந்த மண்ணில் இருந்து உழுகிறவர். புருஷன் என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. வெள்ளாமையை இன்றைக்கும் அவர்கள் 'ஹஸ்பண்ட்ரி' என்கிறார்கள்.

காலமெல்லாம் பாடம் நடத்தினீர்களே, அந்தப் பக்கத்தை ஒருநாளாவது திருப்பினீர்களா? மடை திறந்தது, நடவுக்கு ஆள் கூப்பிட்டது, களத்தில் காவல் இருந்தது எல்லாம் அம்மா. நீங்கள் வயலில் கால் வைத்ததே போட்டோவுக்குத்தான்.

இதுவரை எழுதியதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "செத்தவருகூடச் சண்ட கட்டறியா?" என்றான். ஆமாம், கட்டுகிறேன். இருந்தபோது எங்களைப் பேச விட்டீர்களா?

நல்லவேளை, நீங்கள் உயில் எழுதவில்லை, வாயால் சொன்னதோடு சரி. அதனால் விற்க வேண்டுமென்றால் அம்மா கையெழுத்தோடு என் கையெழுத்தும் வேண்டும். அம்மா வேண்டாம் என்கிற வரைக்கும் அது கிடைக்காது. அண்ணன் கோர்ட்டுக்குப் போனாலும் சரி, இது சத்தியம். உங்கள் திதிக்கு வருவேன், இலை போட்டுப் படைப்பேன். அதில் குறை வைக்க மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு வாசலில் வந்து யாராவது, "ஊட்டுக்காரர் இருக்காருங்களா?" என்று கேட்டால், வயலைப் பார்த்துக் கை காட்டுவேன்.

இப்படிக்கு,
அந்த ஊட்டுக்காரரின் மகள்