சபையில் உன் அம்மாவின் இடம்

இன்று ரிச்சர்ட்சனில் மெல்லிய மழை. காய்கறி வாங்கிவிட்டு வெளியே வந்தபோது, பக்கத்து ஆப்பிரிக்கக் கடையிலிருந்து செம்பனை எண்ணெயில் வாழைப்பழம் பொரியும் வாசனை வந்தது. காரைக் கிளப்பத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். நாம் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனாலும் தமிழில் எழுதும்போது உன்னை 'நீ' என்றுதான் அழைக்க வருகிறது.

அபார்ட்மென்டில் உனக்கு மேல் வீடு, எனக்குக் கீழ் வீடு. என் மகன் பெயரைச் சேர்த்து 'இயா கவின்' என்பாய். உன் தாய்மொழியான யொரூபாவில் கவினின் அம்மா என்று அர்த்தம். மருத்துவமனை வேலை முடிந்து வந்து, வெயில் சாயும் நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து உன் ஊர்ச் சந்தையைப் பற்றிச் சொல்வாய். மிளகாய்க் குவியல்கள், கொடியில் அசையும் அவுரி நீலத் துணிகள். கேட்கக் கேட்க எதிரே பார்க்கிங் லாட் மங்கிக்கொண்டே போகும்.

உன் அம்மா அந்தச் சந்தைப் பெண்களின் தலைவி. உங்கள் ஊர் அரசரின் சபையில் ஆண்களுக்குச் சமமாக உட்கார்ந்து பேசியவர். பிறகு தேர்தல் வந்தது, உள்ளாட்சி அலுவலகம் வந்தது. கவுன்சிலர்கள் எல்லோரும் ஆண்கள். அம்மாவின் பட்டத்தை யாரும் பறிக்கவில்லை. விழாக்களில் வணங்கினார்கள், முடிவெடுக்கும்போது கூப்பிடவில்லை. சந்தையை ஊருக்கு வெளியே மாற்றப்போகும் செய்தியையே ரேடியோவில்தான் கேட்டாராம்.

அம்மா இறந்த மறு வருஷம், ஊருக்கே திரும்பிப் போய்க் கவுன்சிலர் தேர்தலில் நிற்கப் போவதாகச் சொன்னாய். எனக்குக் கோபம் வந்தது. கிரீன் கார்டு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"போனா போகட்டும், இயா கவின். அந்த ரூம்ல ஒரு பொம்பள குரல் கேக்கணும். அவ்ளோதான்."

தோற்றுப் போனாய். திரும்பி வந்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ வரவில்லை. கூட்டம் நடக்கும்போதெல்லாம் சந்தைப் பெண்களோடு போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தாய். முதலில் முறைத்தார்கள், பிறகு பேசச் சொன்னார்கள். கடைசியில் சந்தை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவானது. நீ போனில் அதைச் சொன்னபோது பின்னால் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். உன் சிரிப்பும் பாட்டும் கலந்து, எது எது என்றே தெரியவில்லை.

அடுத்த தேர்தலுக்கு முன்பே உன் இதயம் நின்றுவிட்டது. உன் மகள்தான் கூப்பிட்டுச் சொன்னாள்.

போன மாதம் இங்கே சிட்டி கவுன்சில் கூட்டத்துக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. நம் வாசல் ரோட்டைக் கடக்க ஒரு சிக்னல் வேண்டும் என்று கேட்டேன். மைக்கில் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சிக்னல் வருமா, தெரியாது. அடுத்த கூட்டத்துக்கும் போகிறேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.