ஏழாவது பாட்டில் டிரம்ஸ் இல்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், அந்த மட்டில் நலம்தான், நீயும் உன் கூட்டாளிகள் மூன்று பேரும் அதைவிட நன்றாகவே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் இருக்கிறதாம், இறங்கும்போது இல்லையாம், அதனால் பாதி குணமாகிவிட்டது என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். உன் அண்ணன் வேலை மாறிவிட்டான், புது ஆபீஸில் ஜன்னலோரமாக மேஜை கிடைத்ததைத் தவிர ஒரு முன்னேற்றமும் இல்லை என்கிறான். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு அதே பின்னறைதான், அதே லென்ஸ் தேய்க்கும் சக்கரம்தான், ஆனால் சிக்கலான பவர் எதையும் முதலாளி இப்போது என்னிடம் தருவதில்லை. ஏன் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், குழாய்க் கதையெல்லாம் பேசிக் காலம் கடத்திக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்ல நாலு தடவை பார்த்தேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் குழாயைப் பற்றித்தான் பேசியிருப்பேன்.

ஆல்பங்களை வரிசைப்படுத்தி எழுதி வைக்கும் என் நோட்டில் உன் ஆல்பத்துக்கு மூன்றாமிடம் கொடுத்து இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேனே, அந்த இரண்டு பக்கமும் பொய்யம்மா. ஆல்பம் நன்றாக இல்லை என்று சொல்ல வரவில்லை, அவசரப்படாதே. அது எப்படி இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. ஏழு மாதத்துக்கு முன்னால் கடையில் மயங்கி விழுந்தேன், வெயிலும் வெறும் வயிறும்தான் காரணம் என்று உன்னிடம் சொன்னோம் அல்லவா, அது வெயில் இல்லை. மூளைக்குப் போகும் ஒரு சின்ன ரத்தக் குழாயில் அடைப்பு. நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வாய் கோணவில்லை, நாக்கு குழறியது இரண்டே நாளில் சரியானது, இடது கை மட்டும் கொஞ்சம் மந்தம். நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று உனக்குச் சொல்ல வேண்டாமென்றேன், அம்மா அப்போதே சண்டை போட்டாள், அவள் பேரில் குற்றமில்லை. வீட்டுக்கு வந்த அன்று நான் கேட்காமலே அவளாகவே ‘நாலு நாற்காலி’யைப் போட்டாள். இந்த வீட்டில் பத்தொன்பது வருஷமாக முதலிடத்தை விட்டு அசையாத ஆல்பம், அட்டையில் நாலு நாற்காலி இருப்பதால் நீ சின்ன வயதில் வைத்த பேர்தான் அதற்கு இன்றைக்கும். போட்டதும் யாரோ கரண்டிப் பெட்டியைப் படிக்கட்டில் உருட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம். ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்தேன். வயரைப் பிடுங்கி மாற்றினேன், ஹெட்போன் போட்டுப் பார்த்தேன், நான் இல்லாத நேரத்தில் எதையோ தட்டிவிட்டாய் என்று அம்மாவைத் திட்டினேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை, "என்னங்க, எனக்கு எப்பவும் போலத்தான் கேக்குது" என்றாள். டிவியில் ஒரு சேனல் வைத்தேன். செய்தி வாசிக்கிறவர் குரல் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் கேட்டது. செய்தி முடிந்து விளம்பரத்துக்குப் பாட்டு வந்ததும் மறுபடி கரண்டி.

டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. "பேச்சுக்கு வேற இடம், பாட்டுக்கு வேற இடம் சார். உங்களுக்குப் பாட்டு இருந்த இடம் அடிபட்டிருக்கு. ஆறு மாசத்துக்குள்ள வந்தா உண்டு" என்றார். சக்கரச் சத்தம் சக்கரச் சத்தமாகவே கேட்கிறது, குக்கர் விசில் கேட்கிறது, அம்மா கூப்பிடுவது கேட்கிறது. பாட்டு மட்டும் இல்லை.

என் சிநேகிதன் டிரைவர் மாமாவிடமும் நான் சொல்லவில்லை. அடைப்பு வந்தது அவனுக்குத் தெரியும், பாட்டுப் போனது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வந்து உட்கார்ந்து, அவனுக்குப் பிடித்த ‘ஒற்றைச் செருப்பு’ ஆல்பத்தை நான் ஏன் இரண்டாமிடத்திலேயே பூட்டி வைத்திருக்கிறேன் என்று ஆரம்பிப்பான், நானும் விடாமல் பதில் சொல்வேன். அந்த இசைக்குழுவில் பாடுகிறவன் மூச்சு விடுகிற இடமெல்லாம் தப்பு என்பேன். பாட்டை முடிக்கத் தெரியாதவன்தான் கடைசியில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே நழுவுவான், அப்படி நழுவினால் இரண்டு இடம் குறைப்பேன் என்பேன். ஹிட் பாட்டுகளைப் பொறுக்கிப் போட்ட தொகுப்பெல்லாம் ஆல்பமே கிடையாது, முதல் ஆறு பாட்டு கடைக்காரனுக்காகப் போடுவது, ஏழாவது பாட்டில்தான் ஒரு குழுவின் யோக்கியதை தெரியும் என்பேன். உனக்கு இதெல்லாம் மனப்பாடம். ஐந்து மாதம் அப்படியே ஓட்டினேன், அவனுக்குத் துளி சந்தேகம் வரவில்லை. அதுதான், பாப்பா, என்னை அரித்தது. காது கேட்காமலே இவ்வளவையும் சொல்ல முடிகிறதென்றால், காது கேட்ட காலத்தில் மட்டும் நான் பாட்டைக் கேட்டுத்தான் சொன்னேனா, இல்லை சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேனா? அந்தக் கேள்விக்கு இனிமேல் பதிலும் கிடைக்காது.

அந்தச் சமயத்தில்தான் உன் ஆல்பம் வந்தது. நாலு பேர் மூன்று வருஷம் பாடுபட்டு எடுத்த ஒன்பது பாட்டு. கூடவே நீ எழுதியிருந்தாய், "எல்லாரும் சூப்பர்னு சொல்றாங்கப்பா. நீங்க மட்டும்தான் பொய் சொல்ல மாட்டீங்க. எத்தனாவது இடம்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்று. பதினோரு தடவை கேட்டேன். வீட்டில், கடையின் பின்னறையில் சாப்பாட்டு நேரத்தில், ஒருநாள் பஸ்ஸில்கூட. உன் வார்த்தைகள் காதில் விழுந்தன, யாரோ தந்திச் செய்தி படிக்கிற மாதிரி, சுற்றிலும் தகர டப்பாக்கள் உருண்டன. அதற்குப் பிறகாவது உண்மையை எழுதியிருக்கலாம். என் அப்பாவுக்குப் பாட்டுத் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த பெண்ணிடம் அந்த அப்பா இப்போது இல்லை என்று எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பழைய நோட்டைப் பிரித்து அங்கே ஒரு வரி இங்கே ஒரு வரி எடுத்துக் கோத்தேன். முதலிடம் கொடுத்தால் நம்ப மாட்டாய் என்று மூன்றாமிடம். ஏழாவது பாட்டைத் தனியாகத் தூக்கி வைத்து, அதில் டிரம்ஸை அடக்கி வாசித்திருக்கும் பக்குவம் உன் வயதுக்கு மிஞ்சியது என்று எழுதினேன்.

"சரிப்பா, தேங்க்ஸ்" என்று ஒரே வரி போட்டாய். அதற்குப் பிறகு ஐந்து வாரமாகப் போன் இல்லை. எனக்கு அப்போது புரியவில்லை. அடுத்த ஞாயிறு டிரைவர் மாமா உன் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வந்தான், நான் உனக்கு எழுதியதை அவனிடம் பெருமையாக ஒப்பித்தேன். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏழாவது பாட்டுல ஏதுடா டிரம்ஸ்? அவ குரலும் பியானோவும் மட்டும்தானே?" என்றான். உடனே செல்லை எடுத்து எதையோ போட்டு, "இது என்ன ஆல்பம், சொல்லு" என்றான். ‘ஒற்றைச் செருப்பு’ என்று ஒரு குருட்டுத் தைரியத்தில் சொன்னேன். அவன் போட்டது ‘நாலு நாற்காலி’. "அஞ்சு மாசமா என்கிட்ட சும்மாதான் பேசினியாடா?" என்று கேட்டுவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போய்விட்டான். நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா நம் பாட்டைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை, வாய்க்கு வந்ததை எழுதி அனுப்பிவிட்டார் என்றுதானே நினைத்தாய்? நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன், போனை எடுத்திருக்கவும் மாட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு மாமா வந்தான், கையில் பழம் வாங்கிக்கொண்டு. நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். பஸ் ரூட் மாற்றியதைப் பற்றிப் பேசினான், மழையைப் பற்றிப் பேசினான், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "யோசிச்சுப் பாத்தேன்டா. நாலு நாற்காலிதான் முதலிடம். நீ சொன்னதுதான் சரி" என்றான். இருபத்தாறு வருஷமாக, எந்த ஆல்பமானாலும், ‘நீ சொன்னதுதான் சரி’ என்ற அந்த வார்த்தையைக் கேட்கத்தான் அவனோடு மல்லுக்கு நின்றேன். அதைக் கேட்டதும் நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் சொன்னபோதுகூட அப்படி இல்லை. எனக்காகவாடா விட்டுக்கொடுக்கிறாய், எழுந்து போ என்று கத்தினேன். போய்விட்டான். அம்மா அந்தப் பழத்தை எடுத்து உள்ளே வைத்தாள், இரண்டு பேரும் தொடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஆறு மாதக் கெடு முடிந்து டாக்டரிடம் போனோம். இரண்டிரண்டு சத்தமாகப் போட்டு, இரண்டும் ஒன்றா வேறா என்று கேட்டார்கள். முப்பதில் பதினாறு சரியாகச் சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டு பூவா தலையா போட்டாலும் அவ்வளவு வருமாம். இனிமேல் வருவதற்கில்லை என்று சொல்லிவிட்டார். சத்தம்தான் போயிற்று, நினைவில் இருக்குமே என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் எந்த ஆல்பம் எத்தனாவது, ஏன் என்பதெல்லாம் வரிசையாக வருகிறது, ராகம் ஒன்றுகூட வருவதில்லை. எதற்காக அதற்கு முதலிடம் கொடுத்தேன் என்று காரணம் சொல்வேன், அது என்ன பாட்டு என்று எனக்கே தெரியாது. அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எனக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று ஹெட்போனில் உன் ஆல்பத்தைக் கேட்கிறாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லாத்தாங்க இருக்கு" என்கிறாள். வேறு சொல்லு என்றால், "நம்ம பொண்ணு குரல் மாதிரியே இருக்கு" என்கிறாள். அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, எனக்குக் கேட்கவும் தெரியவில்லை.

நேற்று நானே மாமா வீட்டுக்குப் போனேன். எனக்கு இரக்கம் காட்டியது போதும், பாப்பா கேட்ட கேள்விக்கு ஒருத்தராவது பதில் சொல்ல வேண்டும், எத்தனாவது என்று சொல்லு என்றேன். முதலில் மழுப்பினான், பிறகு சொன்னான்: "நாப்பத்தி ஒண்ணு. ரெண்டாவது, அஞ்சாவது பாட்டு தண்டம். நாலாவது நீளம். ஏழாவதை மட்டும் தனியா எடுத்தா பத்துக்குள்ள வரும். அதை ஓட்டும்போது கேட்டேன், ஓரங்கட்டி நிறுத்திட்டுத்தான் முடிச்சேன்." இதுதான் உனக்கு உண்மையான பதில், கசந்தாலும் வைத்துக்கொள். நான் கொடுத்த மூன்றாமிடத்தை அடித்துவிட்டேன். நோட்டை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன், நீ இனி எது எடுத்தாலும் அவனுக்கே அனுப்பு. அவன் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லவில்லை, நானும் வா என்று கூப்பிடவில்லை.

இதைப் படித்துவிட்டு அந்த மருந்து இந்த மருந்து என்று தேட ஆரம்பிக்காதே, டிக்கெட்டும் போடாதே, வந்து செய்வதற்கு ஒன்றுமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, தொண்டையைப் பார்த்துக்கொள், கூட்டாளிகளோடு சண்டை போட்டால் அன்றைக்கே பேசித் தீர்த்துவிடு. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், நாலு பேர் காது கொடுத்துக் கேட்கும்படி பாட வேண்டும், அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ பாடினால் அது நீதான் என்று எனக்குத் தெரியாது, பேசினால் தெரியும். கோபம் தீராவிட்டாலும் பரவாயில்லை, போன் பண்ணித் திட்டவாவது செய்.

உன் குரலுக்காக உட்கார்ந்திருக்கும்,
அப்பா