மயக்கம் என்றால் தூக்கம் இல்லை

ஜூன் 9, திங்கள்

விடாத மழை. துவைத்தது எதுவும் காயவில்லை. வீடு முழுக்க ஈரத்துணி வாடை.

நான் வேலை பார்த்த ஹோட்டலை விற்றுவிட்டார்கள். அறை அறையாகப் போய் விரிப்பு, துண்டு, தூசி பார்த்த எனக்கு இப்போது மேற்பார்வை பார்க்கச் சொந்த வீடு மட்டும். அதுவும் காலை பத்து மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. கொஞ்ச நாள் ஓய்வெடு மல்லிகா என்கிறார் அவர். எடுத்துப் பார்த்தேன். ஒத்துவரவில்லை.

ஊருக்கு ஏதாவது செய்யலாமே என்றேன் மகள் ரம்யாவிடம். போனில் தேடிச் சொன்னாள்: வைப்பின் தீவில் ஒரு முதியோர் இல்லம். பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லித்தரும் ஓர் இடம். கடற்கரை சுத்தம் செய்யும் குழு. இந்த நோட்டை அவள் எடுத்தாலும் கவலையில்லை. மலையாளம் படித்த பிள்ளை, தமிழ் எழுத்து ஓடாது.

வாங்க வேண்டியது: கப்பைக்கிழங்கு, பச்சைமிளகாய், விளக்கெண்ணெய். பிரஷர் மாத்திரை தீரப்போகிறது.

ஜூன் 10, செவ்வாய்

முதியோர் இல்லத்துக்கு போன். சமையலா, குளிப்பாட்டுவதா, எதுவானாலும் செய்கிறேன் என்றேன். பிறந்தநாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு ஸ்பான்சர் செய்ய முடியுமா என்று கேட்டார்கள். கை போதாதாம், பணம் வேண்டும்.

பாடம் சொல்லித்தரும் இடத்தில் ஒரு பெண் இனிமையாகப் பேசினாள். பாதியில், "சேச்சி தமிழாணோ?" ஆமாம் என்றேன். கூப்பிடுகிறோம் என்றாள். கூப்பிடமாட்டாள். இந்த மட்டாஞ்சேரியில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், மலையாளத்தில் பரீட்சை எழுதி ஜெயித்தவள் நான். அவளுக்கு என் நாக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

சாயங்காலம் வரை எரிச்சல். குழம்பில் உப்பு கூடிப்போனது.

ஜூன் 14, சனி

மழை விட்டது. விடியலில் கடற்கரை. எல்லோருக்கும் மஞ்சள் டி-ஷர்ட். பேனர் பிடிக்க நாலு பேர், போட்டோ எடுக்க மூன்று பேர், குனிய யாரும் இல்லை. சாயா வந்தது, பேப்பர் கப்பில். குடித்தவர்கள் கப்பை மணலிலேயே போட்டார்கள். நான் பொறுக்கிக்கொண்டே இருந்தேன். ஒரு பெண் வந்து தோளைத் தொட்டு, "ஆன்ட்டி, மதி. போட்டோ கழிஞ்ஞு," என்றாள். போதுமாம், போட்டோ முடிந்துவிட்டதாம்.

டி-ஷர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மனசு கேட்காமல் மறுபடி போய்ப் பார்த்தேன். நேற்றுக் கட்டிய மூட்டைகள் அங்கேயே. நாய்கள் கிழித்து இழுத்திருந்தன. மாநகராட்சி ஆள் ஒரு பெண், நம் தமிழ்க்காரிதான், கூட்டிக்கொண்டே திட்டினாள். "எந்தப் புண்ணியவான் இதைக் கட்டி வச்சிட்டுப் போனான்? ஞாயித்துக்கிழமையும் எனக்குத்தான் பாடு." அந்தப் புண்ணியவான்களில் நானும் ஒருத்தி என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு துடைப்பம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது.

சேவையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

பிரஷர் மாத்திரைக்கு ஆசுபத்திரி. கொட்டும் மழையிலும் அப்படிக் கூட்டம். எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண், சுவரைப் பிடித்தபடி. முகத்தில் துளி ரத்தம் இல்லை. பெயர் செல்வி, விருதுநகர் பக்கம். புருஷன் மாரி கட்டட வேலை. இங்கே வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

டாக்டரிடம், "மயக்கமா வருது சார்," என்றாள். பக்கத்தில் நின்ற நர்ஸ், பழைய சீட்டிலும் அதேதான் இருக்கிறது என்றாள். டாக்டர் நிமிராமலே, நன்றாகத் தூங்கு, சத்து மாத்திரை தருகிறேன் என்று மலையாளத்தில் சொல்லி எழுதினார். அவளும் தலையாட்டினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மலையாளத்தில் மயக்கம் என்றால் தூக்கக் கலக்கம். தலைசுற்றலுக்கு அங்கே வேறு சொல். இவள் கீழே விழுகிறேன் என்கிறாள், அவர் தூக்கம் வருகிறது என்று எழுதுகிறார். இதற்கு முன் வந்தபோதும் இதே கதைதான்.

வரிசையை விட்டு உள்ளே போய்விட்டேன். டாக்டருக்குக் கோபம். "நிங்ஙள் ஆரா? பந்துவாணோ?"

"சொந்தமில்ல டாக்டரே. பாஷை தெரியும்."

விஷயத்தைச் சொன்னேன். பேனா நின்றது. வேறென்ன தொந்தரவு என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். செல்வி என் காதில் சொன்னாள்: மாதவிலக்கு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது, ஆம்பளை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டாள். ரத்தம் சோதித்தார்கள். உடனே படுக்க வைத்தார்கள். ரத்தம் ஏற்ற வேண்டும், இன்னும் சில நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

என் மாத்திரை வாங்க மறந்தே போனேன்.

ஜூன் 18, புதன்

தூங்கவில்லை. ஒரு சொல். ஒரே ஒரு சொல்லுக்காக அந்தப் பெண் செத்திருப்பாள்.

காலையில் ஆசுபத்திரி ஆபீஸ். செல்வி விஷயத்தைச் சொன்னேன். தினமும் காலையில் வந்து உட்காருகிறேன், தமிழ் ஆட்களுக்குப் பேசித் தருகிறேன், சம்பளம் வேண்டாம் என்றேன். அதிகாரி சிரித்தார். அப்படி ஒரு வழக்கம் இல்லையாம். ஏதாவது சங்கத்தின் மூலம் வரவேண்டுமாம். அப்புறம் சொன்னார், "தமிழும் மலயாளமும் ஒந்நு தன்னெயல்லே? மனசிலாவும்."

"ஒண்ணுதான்னா அந்தப் பொண்ணு எதுக்கு சார் திரும்பத் திரும்ப வந்தா?"

விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள் என்றார். நல்ல மலையாளத்தில் எழுதிக் கொடுத்தேன். வாசிக்காமலே டிரேயில் போட்டார்.

ஜூன் 20, வெள்ளி

வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். செக்யூரிட்டி பாபுச்சேட்டன் எழுப்பிவிட்டார். எதிர் சாயாக்கடையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து என்ன கேட்கும்? கொத்தனார்களும் ஹோட்டல் பையன்களும் உள்ளே போவதும், சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வெளியே வருவதும் தெரிந்தது, அவ்வளவுதான்.

அவர் ஐலண்டு கோடவுனில் வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். உனக்கு எதுக்கு இந்த வம்பு என்பார் என்று நினைத்தேன். அவருடைய அப்பா இதே ஊரில் பாஷை புரியாமல், நெஞ்சுவலிக்கு வயிற்றுவலி மருந்து வாங்கிக் குடித்து இறந்துபோனவர் என்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம் சொன்னதில்லை.

ஜூன் 23, திங்கள்

தூறல். செல்விக்கு ரசம் சாதம் கொண்டுபோனேன். உட்கார்ந்து சாப்பிட்டாள். உதட்டில் நிறம் வந்திருக்கிறது. வாசலில் மாரி எழுந்து நின்று கும்பிட்டான். வேண்டாம்ப்பா, உட்காரு என்றேன்.

திரும்பும்போது நடையில் யாரோ, "சேச்சீ," என்று கூப்பிட்டார்கள். அதே நர்ஸ். ஷீபா என்று பெயராம். அன்றைக்கு, பழைய சீட்டைப் படித்ததோடு நிறுத்திக்கொண்டாள் என்று அவள்மேல் எத்தனை கோபம் எனக்கு. இன்று பார்த்தேன், அந்தப் பெரிய ஹால் முழுவதற்கும் அவள் ஒருத்தி. சாரத்திலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள், என்ன கேட்டாலும் அழுகிறார், கொஞ்சம் வரமுடியுமா என்றாள். போனேன்.

தலைமாட்டில் நின்று பேச ஆரம்பித்ததும் ஆபீஸ் அதிகாரி வந்துவிட்டார். இவரை யார் உள்ளே விட்டது என்று சத்தம். ஷீபா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஞானா சாறே. ஞான் விளிச்சதா."

நான் கூப்பிட்டேன் என்கிறாள். அவர் நகரவில்லை. விதி, அனுமதி, பொறுப்பு என்று தொடர்ந்தார். கட்டிலில் கிடந்தவர் பயந்துபோய் என் கையைப் பிடித்தார்.

"என்னக்கா சொல்றாங்க?"

"நான் இங்க நிக்கலாமா கூடாதான்னு பேசிக்கிறாங்க. நீங்க சொல்லுங்கண்ணே, எங்க வலிக்குது?"