அப்பாவுக்குச் சத்தம் வேண்டாம்

என் செல்ல அம்மாவுக்கு,

முதலில் ஒரு முத்தம். அடுத்தது சண்டை. நீங்கள் கண்மூடி ஒரு வருஷம் ஆனதற்கான வருஷ ஜெபம் நேற்று சாயந்தரம் நம் உக்குவளை வீட்டில் முடிந்தது. எல்லோரும் நல்லபடியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நான்தான் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவுக்குக் காது எவ்வளவு மோசம் என்று ஏன் எங்களிடம் சொல்லவில்லை? தேயிலை பெக்டரியில் முப்பது வருஷம் இலை அரைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற மனுஷன். காதில் வைக்க ஒரு துண்டுப் பஞ்சுகூட யாரும் கொடுக்கவில்லை. ரிட்டயராகும்போது சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். அது மணியடிப்பது அவருக்குக் கேட்குமா என்று யோசித்தார்களா?

உங்களை அடக்கம் செய்த அன்று சாயந்தரம் எல்லோருமாக ஜெபமாலை சொன்னோம். பத்துப் பத்து மந்திரமாக வரும் ஐந்து பத்தில் மூன்றாவதை எப்போதும் அப்பாதானே சொல்வார்? மந்திரத்தின் முதல் பாதியை அவர் சொன்னார். நாங்கள் மறுபாதியைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிட்டார். திரும்பவும் அப்படியே. பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் நாங்கள் முடித்ததும் நீங்கள் அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவீர்கள். ஏதோ செல்லத் தட்டு என்று நினைத்திருந்தேன்.

அவர் மானத்தைக் காப்பாற்றினீர்கள், சரி. உங்களுக்குப் பிறகு யார் தட்டுவது என்று ஒரு நாள்கூட நினைக்கவில்லையா அம்மா?

மறுநாளிலிருந்து தம்பி அந்தப் பத்தை எடுத்துக்கொண்டான். அப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வாரம் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஜெப நேரம் வந்தால் முற்றத்துக்குப் போய்விடுவார். டிவி முன்னாலும் உட்காருவதில்லை. "அவருக்குத்தான் கேக்காதே" என்று அவர் பக்கத்தில் இருக்கும்போதே சொல்வது இந்த வீட்டில் பழகிப்போனது. நானும் சொல்லியிருக்கிறேன்.

வருஷ ஜெபம் நெருங்கியதும் தம்பிக்குப் பாசம் பொங்கியது. தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப்போன லொறியிலேயே ஒரு ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். என் இடுப்பு உயரம், சுற்றிலும் நீல லைட் வேறு. போட்டதும் அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். இவருக்காகத்தானே வாங்கினேன் என்று தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். தலையணையை மாற்றினால் தலைவலி போகுமா?

காதுக்குள் வைக்கும் மெஷின் இப்போதைக்கு நம் கைக்கு எட்டாது. கிளினிக்கில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். அதுவரைக்கும் ஏதாவது வேண்டுமே என்று அப்பாவையே கூட்டிக்கொண்டு மாத்தளை டவுனுக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்தே பேசினார், அப்பா ஏதோ நான் தூக்கிவந்த பை மாதிரி. குத்துப்பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, "இத எடுங்க மிஸ், அலுவிகாரை வரைக்கும் கேக்கும்" என்றார். அலுவிகாரையில் அப்பாவுக்கு என்ன வேலை? பாட்டை நிறுத்தி நியூஸ் போடச் சொன்னேன். போட்டார். அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

பிறகு கண்ணாடி மேசையைத் தட்டிக் கடைக்காரரைத் தன் பக்கம் திருப்பினார்.

"சத்தம் கேக்குது தம்பி. வார்த்தைதான் பிரியல."

இதை இந்த ஒரு வருஷத்தில் நாங்கள் யாரும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கடைக்காரருக்கும் சுருக்கென்றிருக்க வேண்டும். கீழ்த்தட்டில் தேடி, சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு பெட்டியை எடுத்தார். முன்னால் மைக், பின்னால் வயரோடு ஹெட்போன். பேசுகிறவர்கள் முன்னால் வைத்தால் பேச்சு நேரே காதுக்குப் போகும். பேஸ் அதிர்வைக் குறைக்க ஒரு திருகும் உண்டு. அந்தப் பெரிய பெட்டியின் விலையில் இது கால்வாசிகூட இல்லை. அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நான் மேசையில் கிடந்த பேப்பரை எடுத்து, என் சாதாரணக் குரலில் மரக்கறி விலையை வாசித்தேன்.

அப்பா, "போஞ்சி அவ்வளவா?" என்றார்.

நேற்று அந்தப் பெட்டியை மாதா சுரூபத்துக்கு முன்னால், பாயின் நடுவில் வைத்தோம். அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போகாமல் எங்களோடு உட்கார்ந்தார். இரண்டு பத்து முடிந்தது. தம்பி தன் மனைவி பக்கம் சாய்ந்து மெதுவாகத்தான் சொன்னான். "அப்பா பத்த நானே சொல்லிர்றேன். அவருக்குத் தெரியவா போகுது?"

மைக் தன் காலடியில் இருப்பதை மறந்துவிட்டான்.

அப்பா அவன் பக்கம் திரும்பவில்லை. "தெரியுது மகன். ஒரு வருஷமா தெரியுது. என் பத்த நான் சொல்றேன்."

சொன்னார் அம்மா. ஒவ்வொரு தடவையும் எங்களுக்காக நின்று, நாங்கள் முடித்த பிறகு தொடங்கினார். மறுபாதி சொல்லும்போது தம்பியின் குரல் மட்டும் வரவில்லை. அழுதுகொண்டிருந்தான். அழட்டும். அவன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, என் மேலும்தான்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி இந்த வீட்டில் அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு அப்பாவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பேசுவதென்றால் அவரிடம் பேசுவார்கள்.

அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரும்,
உங்கள் மூத்த மகள்
ரீத்தா