சாட்சிக் கையெழுத்து

மண்டி மொஹல்லா, மைசூர்
12.8.1996

ரூபா கண்ணுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? எனக்கு ஆபரேஷன் தையல் ஆறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, வீட்டு வரி கட்டத் தேவைப்படும் என்று சொல்லி உன் அப்பா என்னிடம் பவர் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். விற்கும் உரிமையும் அதில் இருந்ததை நான் படித்துப் பார்க்கவில்லை. அதை வைத்து, என் பிறந்த வீட்டார் எனக்குக் கொடுத்த இந்த வீட்டை உன் சித்தப்பா பெயருக்குக் கிரயம் செய்துவிட்டார். போன மாதம் நானே வரி கட்டப் போனபோது, "வீடு உங்க பேர்ல இல்லையேம்மா" என்றார் குமாஸ்தா.

பவரை ரத்து செய்துவிட்டேன். கிரயம் செல்லாது என்று வழக்குப் போடுகிறேன். அதுவரை சித்தப்பா வீட்டை வேறு யாருக்கும் விற்காதபடி தடையும் கேட்கிறோம்.

வக்கீல் கிரயப் பத்திரத்தின் நகலைக் காட்டினார். சாட்சி என்ற இடத்தில் உன் கையெழுத்து.

அந்தப் பத்திரத்தில் போட்டிருந்த தேதியன்று சாயங்காலம்தான் நீ ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்து எனக்கு ஊட்டினாய்.

அப்பாவைக் கேட்டேன். "அம்மாவுக்குத் தெரியும்னு சொல்லித்தான் புள்ளகிட்ட கையெழுத்து வாங்குனேன்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க மக கோர்ட்டுல வந்து இதைச் சொன்னா நமக்குப் பலம்மா" என்கிறார் வக்கீல். பெற்ற அப்பாவுக்கு எதிராக நில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சாட்சிப் பட்டியலில் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

கோர்ட்டில் சொல்வதற்கு முன்னால், அவர் சொன்னது நிஜமா என்று நீ வந்து என்னிடம் சொல். வீடு எத்தனை வருஷம் கழித்து வேண்டுமானாலும் வரட்டும். இதற்கு என்னால் காத்திருக்க முடியவில்லை.

உன்
அம்மா