நனைந்த மூட்டைகள்

ஜூன் 4
நான்காவது சுற்றில் என் சோதனைக்கூட உலை இன்றும் படுத்துவிட்டது. மரத்தூளைக் காற்றுப் படாமல் சூடேற்றினால் எழும் ஆவி, வினையூக்கியின் மேல் பட்டுத் தெளிந்த எண்ணெயாக இறங்க வேண்டும். முதல் சுற்றில் பால் விடாத தேநீர் நிறத்தில் இறங்குகிறது; பார்க்கவே ஆசையாக இருக்கிறது. வினையூக்கியில் படிந்த கரியை எரித்துவிட்டு அடுத்த சுற்று. நான்காவதில் தார் மாதிரி வழிகிறது. கரி போய்விடுகிறது, வேறு எதுவோ உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. எது?

துறைத் தலைவர் கதவருகே நின்றபடியே சொன்னார்: "முப்பதாம் தேதிக்குள்ள பத்து சுற்று ஓட்டிக் காட்டுங்கம்மா. இல்லன்னா உலையைப் பக்கத்து அறைக்குக் கொடுத்துடுவேன்." ஆறு வருட உழைப்பு. தலையாட்டிவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

ஜூன் 7
புது வினையூக்கி. அதே நான்கு.

ஜூன் 11
இரண்டு நாளாக விடாத மழை. மர அறுவை மில் வைத்திருக்கும் என் தம்பிதான் எனக்குத் தூள் கொடுப்பவன். போய்ப் பார்த்தால் என் மூட்டைகள் எல்லாம் வெட்டவெளியில்! ஊறிப்போய், பழுப்புத் தண்ணீர் ஒழுகிக்கொண்டு. ஈரம் ஆகாது என்று எத்தனை முறை படித்துப் படித்துச் சொல்லியிருப்பேன்! அவன் ஆட்கள் முன்னாலேயே கத்தினேன். "உனக்கு எதுலதான்டா பொறுப்பு இருந்துச்சு?"

"சரிக்கா" என்றான். அவ்வளவுதான். நான் ஒன்று சொன்னால் ஒன்பது பேசுகிறவன்.

ஜூன் 13
வேறு தூள் கிடைக்கவில்லை. நனைந்ததையே மாடி முழுக்கப் பரப்பிக் காயவைக்கிறேன். கணவர்: "துணி காயப்போட இடமில்ல. நாளைக்கு நான் மரத்தூளைத்தான் கட்டிக்கிட்டு ஆபீஸ் போகணும்." சிரித்துவிட்டேன்.

தம்பி இன்னும் போன் செய்யவில்லை. நானும்தான்.

ஜூன் 18
நான்கு தாண்டியது. ஐந்தும் தெளிவு! கண் பட்டுவிடும் — யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 20
ஏழு.

ஜூன் 23
பத்து! பத்து, பத்து, பத்து! அதே தேநீர் நிறம். துறைத் தலைவர் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவர், கீழே வைக்க மனமில்லாமல் நின்றார். உலை எங்களுக்குத்தான்.

சோதனைக்கூடத் தோழி மீதித் தூளை எரித்துச் சாம்பலை அளந்திருக்கிறாள். "பாதிச் சாம்பலைக் காணோம்டி. பொட்டாசியம் சுத்தமா இல்ல. எங்கே கழுவினே?"

நான் எங்கே கழுவினேன்?

மழை கழுவியிருக்கிறது. மரத்திலிருக்கும் பொட்டாசிய உப்புதான் ஒவ்வொரு சுற்றிலும் வினையூக்கியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எரித்தால் போகாது, தண்ணீரில் கரைந்துவிடும். புத்தகத்திலேயே இருப்பதுதான். ஈரம் ஆகாது என்ற என் பிடிவாதம் கண்ணை மறைத்துவிட்டது. இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம்? — சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 24
மில்லுக்குப் போனேன். அதே ஆட்கள் முன்னாலேயே சொன்னேன்: "தப்பு என் மேலதான்டா. உன்னாலதான் என் உலை பொழைச்சுது."

"அப்போ எனக்குப் பொறுப்பு இருக்குங்கறியா?"

"இல்லடா. இருந்திருந்தா கெட்டுப்போயிருக்கும்."

ரம்பச் சத்தத்தையும் மீறிச் சிரித்தான். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஜூலை 9
செய்முறைத் தாளின் முதல் வரியை மாற்றி எழுதினேன்: 'தூளைத் தண்ணீரில் ஊறவைத்து நன்றாகக் கழுவவும்.' எழுதிக்கொண்டிருக்கும்போதே வானம் இருட்டியது. போன். தம்பி.

"அக்கா, மழை வர்ற மாதிரி இருக்கு. மூட்டையெல்லாம் வெளியே எடுத்துப் போடட்டுமா?"