மிதந்த குமிழ்

உன் முதல் மோல்டை ஓட்டிய அன்றைக்கு பிளாஸ்டிக் ஷெட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: முதலாளி, மிஷின் ஓட்டிய ரங்கன், ஸ்டோர் மயில்சாமி, நீ, பிசிறு வெட்டுகிற மேசையில் நான். ஒருவரையும் மறக்கவில்லை, தம்பி.

போன செவ்வாய்க்கிழமை பொத்தான் டப்பாவைக் கழுவினேன். அதில் கிடந்த கறுப்புப் பிளாஸ்டிக் குமிழ் தண்ணீரில் மிதந்தது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அதைக் கையில் எடுத்தேன்.

நீ வரைந்த முதல் மோல்டில் வந்த கிரைண்டர் சுவிட்சைத் திருகும் குமிழ் அது. "உருகின பிளாஸ்டிக் ஆறுனா சுருங்கும்க்கா. ஒவ்வொரு ரகப் பிளாஸ்டிக் குருணையும் ஒவ்வொரு மாதிரி. அதப் பாத்துத்தான் மோல்ட மயிரிழை பெருசா வெட்டோணும்" என்பாய். அந்த மயிரிழைக்காகப் பத்து நாள் சோறு இறங்காமல் கிடந்தாய்.

கடைசியில் குமிழ்கள் விழுந்தன. ஒன்றுகூட சுவிட்ச் தண்டில் ஏறவில்லை, துளை சிறுத்திருந்தது. "நீங்க வரைபடத்துல எழுதின குருணையத்தானுங்க குடுத்தேன்" என்றான் மயில்சாமி. முதலாளி உன் வரைபடத்தைச் சுருட்டி உன் கையிலேயே கொடுத்து வெளியே அனுப்பினார். நான் ஒரு குமிழை மடியில் முடிந்துவந்து பொத்தான் டப்பாவில் போட்டேன்.

அப்புறம் நீ மோல்டே வரையவில்லை. கடைசியாகக் கிடந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் "எங்கக்கா தப்புப் பண்ணுனேன்?" என்றுதான் கேட்டாய்.

நீ எழுதிய குருணை தண்ணீரில் மூழ்கும். மிதப்பது வேறு சரக்கு, அது இன்னும் அதிகமாகச் சுருங்கும். முன்பு பிளாஸ்டிக் கழிவு பிரித்த எனக்கு இது தெரியும். அன்றைய கோபத்தில் தோன்றவில்லை.

முதலாளியிடம் போய், ஒரு டம்ளர் தண்ணீரில் குமிழைப் போட்டுக் காட்டினேன். அவரே விரலால் அமுக்கிவிட்டுப் பார்த்தார். "மோல்டு ரேக்குலதான் கெடக்குதுங்கம்மா. ஓட்டிப் பாத்துரலாங்க" என்றார். நீ எழுதிய குருணையைப் போட்டார்கள். முதல் குமிழே தண்டில் டக்கென்று உட்கார்ந்தது.

"தப்பு எம்மேலதானுங்கம்மா" என்றார். அவரை விட்டுவிட்டேன். ரங்கனுக்கு எதுவும் தெரியாது, அவனையும் விட்டேன். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு தின்றேன், தம்பி.

சூலூர் பஸ் ஸ்டாண்டில் மயில்சாமியைப் பிடித்துக் கேட்டேன். "அன்னிக்கு அந்தச் சரக்கு தீந்துபோச்சுங்க. இருந்தத அள்ளிக் குடுத்துப்போட்டேன். இன்னுமா ஞாபகம் வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தான். உன் காரியத்தன்று பந்தியில் இரண்டாம் தரம் ரசம் கேட்டு வாங்கியவன், அப்போதும் இதைச் சொல்லவில்லை.

இப்போது என் மடியில் இரண்டு குமிழ்கள்: மிதப்பது ஒன்று, மூழ்குவது ஒன்று. நீ தப்புப் பண்ணவில்லை, கண்ணு. நிம்மதியாக இரு. நான் மன்னிக்கவே மாட்டாத ஆள் ஒருவன்தான்: ஸ்டோர் மயில்சாமி.